டிக்கெட் எங்கே அண்ணாச்சி? குற்றாலம் பஸ்சில் சட்டம் படும் பாடு!

தென்காசி:-

மலையில் மேகம் இறங்கி, சாரல் விழத் தொடங்கினால் போதும். தென்காசி பஸ் நிலையத்தில் கால் வைக்க இடம் கிடைக்காது. ஈரத்துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஒரு கூட்டம் இறங்கும். காய்ந்த துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக இன்னொரு கூட்டம் ஏறும். "குத்தாலம்... குத்தாலம்... அஞ்சருவி!" என்று கண்டக்டர் குரல் கொடுப்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு பறக்கும். சீட்டு பிடித்தாகி விட்டது!

தென்காசியில் இருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். மேலகரம் தாண்டினால் அருவிச் சத்தம் கேட்காத குறை. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு கண்டக்டர் அத்தனை பேரிடமும் காசு வாங்க வேண்டும். சில்லரை கொடுக்க வேண்டும். "உள்ள போங்க அண்ணாச்சி, படியில நிக்காதிய" என்று கத்த வேண்டும். விசிலும் ஊத வேண்டும். டிக்கெட்டும் கொடுக்க வேண்டும்.

இதில் எது விட்டுப் போகும்? கடைசியாகச் சொன்னதுதான்!

"காக்காசு டிக்கெட்டுக்கு என்னய்யா இவ்வளவு பேச்சு?" என்று கேட்காதீர்கள். அந்தத் துண்டுக் காகிதத்துக்குப் பின்னால் பாராளுமன்றம் போட்ட சட்டம் இருக்கிறது. சட்டசபை போட்ட சட்டம் இருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு இருக்கிறது. அதைக் கேட்டதற்காக ஒரு கண்டக்டரும், கேட்டதால் கோபப்பட்ட ஒரு போலீஸ்காரரும் மாநிலம் முழுவதும் பேசப்பட்ட கதையும் நம்ம பக்கத்தில்தான் நடந்தது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

யாருக்கு அபராதம்?

இப்போது அமுலில் இருப்பது 1988-ம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டம். 1989 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. அதற்கு முன்னால் இருந்தது வெள்ளைக்காரன் காலத்து 1939-ம் வருடச் சட்டம்.

இந்தச் சட்டத்தின் 124-வது பிரிவு, டிக்கெட்டோ பாசோ இல்லாமல் யாரும் பஸ்சில் போகக்கூடாது என்கிறது. "ஏறிய பிறகுதானே டிக்கெட் கொடுக்கிறார்கள்?" என்று கேட்கலாம். அதையும் சட்டம் யோசித்திருக்கிறது. பஸ்சுக்குள் டிக்கெட் கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் ஏறிக்கொள்ளலாம். ஆனால் ஏறியபின் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் காசைக் கொடுத்து டிக்கெட்டை வாங்கிவிட வேண்டும். "கண்டக்டர் வரட்டும், வந்தால் பார்ப்போம்" என்று ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கச் சட்டத்தில் இடம் இல்லை.

மீறினால் 178-வது பிரிவு. ஐநூறு ரூபாய் வரை அபராதம்.

இது எல்லோருக்கும் தெரியும். பஸ்சுக்குள்ளேயே எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் அதே 178-வது பிரிவின் அடுத்த பாராவை யாரும் எழுதி வைப்பது இல்லை. அது கண்டக்டருக்கு! காசை நீட்டியும் வாங்க மறுத்தால், வாங்கிவிட்டு டிக்கெட் கொடுக்காவிட்டால், செல்லாத டிக்கெட்டைக் கொடுத்தால், கொடுத்த காசுக்குக் குறைந்த மதிப்பில் டிக்கெட் கொடுத்தால், டிக்கெட்டைச் சரிபார்க்காமல் விட்டால் அவருக்கும் அதே ஐநூறு ரூபாய் வரை அபராதம். வேண்டும் என்றே செய்தாலும் சரி, அசட்டையால் செய்தாலும் சரி. அரசு பஸ், தனியார் பஸ் என்ற வித்தியாசமும் கிடையாது.

ஆக, டிக்கெட்டைக் கேட்டு வாங்குவது கண்டக்டரைச் சந்தேகப்படுவது ஆகாது. ஆனால் கேட்டுப் பாருங்கள், முறைப்பு எப்படி இருக்கிறது என்று!

எனக்கு நடந்தது

சென்ற சீசனில் நானே மாட்டிக்கொண்டேன். ஒரு தனியார் பஸ். பெயர் வேண்டாம். இருபது ரூபாய்த் தாளை நீட்டினேன். கண்டக்டர் தம்பி வாங்கி விரல் இடுக்கில் செருகிக்கொண்டு முன்னால் போய்விட்டார். டிக்கெட்டும் இல்லை, மீதியும் இல்லை.

திரும்பி வரும்போது கேட்டேன். "இறங்கையில வாங்கிக்கலாம் அண்ணே, எங்க ஓடிரப் போறேன்?" என்றார். பக்கத்துச் சீட்டுக்காரர் சிரித்தார். "ஏன் தம்பி, டிக்கெட்டை வச்சு என்ன பூஜை பண்ணப் போறீயளா?" என்று அவர் வேறு. நானும் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு நிறுத்தம் தள்ளி செக்கர் ஏறினார். அவ்வளவுதான்! அந்தத் தம்பி மின்னல் மாதிரி ஓடிவந்தார். டிக்கெட் என் மடியில் விழுந்தது. கூடவே மீதிச் சில்லரையும் விழுந்தது. பக்கத்துச் சீட்டுக்காரர் இரண்டு சட்டைப்பையையும் துழாவிக்கொண்டு இருந்தார். அவருக்கும் டிக்கெட் கொடுக்கவில்லை! இப்போது சிரிக்க வேண்டியது என் முறை. ஆனால் சிரிப்பு வரவில்லை. செக்கர் ஒரு நிறுத்தம் முன்னால் ஏறியிருந்தால் இரண்டு பேருமே ஓசிப் பயணிகள் ஆகியிருப்போம். காசு கொடுத்ததற்குச் சாட்சி ஏது?

கிரைம் நிருபர் என்று பேர். இருபது ரூபாய்க்கு என்னால் ஒரு துண்டுச் சீட்டு வாங்க முடியவில்லை!

நாங்குநேரி பஸ்

இனி அந்தப் போலீஸ்காரர் கதை. 2024 மே மாதம் நடந்தது.

நாகர்கோவிலில் இருந்து தூத்துக்குடிக்குப் போன அரசு பஸ். நாங்குநேரியில் யூனிபாரத்தோடு ஒரு போலீஸ்காரர் ஏறினார். கண்டக்டர் டிக்கெட் எடுக்கச் சொன்னார். போலீஸ்காரர் மறுத்தார். "நானும் அரசு ஊழியர்தானே" என்பது அவர் கட்சி. "வாரண்டு இருந்தால் காட்டுங்கள், இல்லை என்றால் டிக்கெட் எடுங்கள்" என்பது கண்டக்டர் கட்சி. யாரோ செல்போனில் படம் பிடித்து விட்டார்கள். மறுநாள் ஊரே பார்த்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். போலீஸ்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. 2021 செப்டம்பரில் சட்டசபையில் ஓர் அறிவிப்பு வந்தது. போலீஸ்காரர் முதல் இன்ஸ்பெக்டர் வரை உள்ளவர்கள் தங்கள் மாவட்டத்துக்குள் அடையாள அட்டையைக் காட்டி அரசு பஸ்சில் கட்டணம் இல்லாமல் போகலாம் என்பதுதான் அது. அறிவிப்பு வந்து இரண்டரை வருடம் தாண்டியும் அதற்கான அட்டை போலீசார் கைக்கு வந்து சேரவில்லை. பேப்பரில் படித்தவர் மனதில் சலுகை வந்துவிட்டது. கண்டக்டர் கையில் உள்ள சுற்றறிக்கையில் வரவில்லை. சண்டை வராமல் என்ன செய்யும்?

போக்குவரத்துத் துறை பட்டென்று பதில் சொன்னது. வாரண்டு இருந்தால் மட்டுமே போலீசாருக்கு இலவசம், மற்ற நேரத்தில் டிக்கெட் எடுத்தே ஆகவேண்டும் என்று அறிவித்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பல ஊர்களில் போக்குவரத்துப் போலீசார் அரசு பஸ்களை நிறுத்தி அபராதம் போடத் தொடங்கினார்கள்! நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தினாய் என்று ஒரு பஸ்சுக்கு. டிரைவர் சீட் பெல்ட் போடவில்லை என்று ஒரு பஸ்சுக்கு. கோட்டைத் தாண்டி நின்றாய் என்று இன்னொரு பஸ்சுக்கு. எல்லாம் சட்டப்படிதான். ஆனால் முந்தின வாரம் வரை அந்தச் சட்டம் எங்கே போயிருந்தது என்று டீக்கடையில் கேட்டார்கள்.

சர்க்காரின் ஒரு கை இன்னொரு கைக்கு அபராதம் போட்டால் பணம் யாருடையது? நம்முடையதுதான்!

கடைசியில் உள்துறைச் செயலாளரும் போக்குவரத்துத் துறைச் செயலாளரும் பேசி முடித்தார்கள். சண்டை போட்ட போலீஸ்காரரும் கண்டக்டரும் கட்டிப்பிடித்துச் சமாதானம் ஆனதையும் படம் பிடித்துப் போட்டார்கள். சுபம்.

இரண்டு பேரும் நல்லவர்கள்தான். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த விதி மட்டும் தெளிவாக இல்லை. தென்காசியில் தினமும் நடக்கிற சின்னச் சின்னச் சண்டைகளும் இதே ரகம்தான். படம் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

முதலாளி பஸ் போய் கட்டபொம்மன் பஸ் வந்தது

இந்த பஸ் எப்படி சர்க்கார் பஸ் ஆனது? இளவட்டங்களுக்குத் தெரியாது. கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஒரு காலத்தில் தென்பாண்டிச் சீமையில் பஸ் என்றாலே முதலாளி பஸ்தான். மதுரையைத் தலைநகராக வைத்து டி.வி.எஸ். பஸ்கள் ஓடின. டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்து கொள்வார்கள் என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். நேரம் தவறாத பஸ்தான். ஆனால் எல்லா முதலாளியும் அப்படி இல்லையே! கூட்டம் உள்ள ரோட்டில் ஒன்றன் பின் ஒன்றாக ஓடும். நாலு பேர் ஏறுகிற கிராமத்துக்கு ஒன்றும் வராது. லாபம் இல்லாத இடத்துக்குத் தனியார் ஏன் வருவார்? அவரைச் சொல்லியும் குற்றம் இல்லை.

அப்போது முதல்-அமைச்சராக இருந்தவர் கருணாநிதி. 1971-ல் ஒரு சட்டம் வந்தது. ஐம்பது பஸ்களுக்கு மேல் வைத்திருந்த பெரிய கம்பெனிகளின் பஸ்களை சர்க்கார் எடுத்துக்கொள்ளும் சட்டம். அதன்படி 1972-ல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. சென்னையில் பல்லவன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன். நம்ம நெல்லைக்கு 1974 ஜனவரி 1-ந் தேதி கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் வந்தது. நெல்லை வண்ணார்பேட்டையில் தலைமை அலுவலகம்.

1973-ல் இன்னொரு சட்டமும் போட்டார்கள். மற்ற பஸ்களையும் எடுக்க வழி செய்யும் சட்டம். பஸ் முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை ஐகோர்ட்டு அந்தச் சட்டம் செல்லாது என்றது. சர்க்கார் டெல்லிக்கு அப்பீல் போனது. 1983-ல் சுப்ரீம் கோர்ட்டு ஐகோர்ட்டு தீர்ப்பைத் தள்ளுபடி செய்துவிட்டு, சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. நாட்டின் வளம் ஒருசிலர் கையில் சேராமல் எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 39-வது பிரிவு சொல்கிறது. அதற்காகப் போட்ட சட்டம் இது என்பது தீர்ப்பின் சாரம்.

பெயர்கள் எங்கே போயின என்று கேட்பீர்கள். அது 1997 கதை. விருதுநகரில் புதிதாக ஒரு கழகம் தொடங்கி அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. உயிர்கள் போயின. பஸ் பெயருக்காக மனிதன் சாவதா என்று, எல்லாக் கழகங்களின் பெயரையும் மாவட்டங்களின் பெயரையும் மொத்தமாக எடுத்துவிட்டார்கள். கட்டபொம்மனும் போனார், பல்லவனும் போனார். எல்லாம் அரசு போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. ஆனாலும் இன்றைக்கும் சில ஆச்சிமார் "கட்டபொம்மன் வண்டி வந்துட்டா?" என்றுதான் கேட்பார்கள்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், கூட்டமுள்ள ரோட்டில் வரும் காசை வைத்துத்தான் கூட்டமில்லாத கிராமத்துக்குப் பஸ் ஓட்ட முடியும். குற்றாலம் ரோடு சீசனில் கூட்டமுள்ள ரோடு. அங்கே டிக்கெட் கிழிக்காமல் போகும் ஒவ்வொரு ரூபாயும் ஏதோ ஒரு கிராமத்துக்கு ராத்திரி வர வேண்டிய கடைசி டிரிப்பில்தான் துண்டு விழும்.

ஓசி டிக்கெட் அல்ல, அதுவும் கணக்கு டிக்கெட்

2021 மே 7-ந் தேதி பதவி ஏற்ற அன்றே மு.க.ஸ்டாலின் போட்ட கையெழுத்துகளில் ஒன்று, சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது. மறுநாளே அமுலுக்கு வந்தது. பிறகு திருநங்கைகள், மாற்றுத்திறனாளிகளுக்கும் நீட்டித்தார்கள். விடியல் பயணம் என்று பெயர் வைத்தார்கள்.

கீரை விற்க வரும் ஆச்சி முதல் ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வரும் பெண் வரை தினமும் மிச்சமாகும் பத்து இருபது ரூபாயின் அருமை, அதைக் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். மாதக் கடைசியில் அது ஒரு சிலிண்டருக்குப் பாதிப் பணம்.

ஆனால் குழப்பம் இங்கே ஒரு பக்கம் வருகிறது. தென்காசி - குற்றாலம் ரோட்டில் டவுன் பஸ்சும் போகிறது. வெளியூரில் இருந்து வரும் மொபசல் பஸ்சும் போகிறது. தனியார் பஸ்சும் உண்டு. இலவசம் டவுன் பஸ்சில் மட்டும்தான். மொபசல் அரசு பஸ்சில் பெண்களும் டிக்கெட் எடுக்க வேண்டும். தனியார் பஸ்சில் இலவசமே கிடையாது. அவசரத்தில் ஏறிய பிறகு, "ஆச்சி, இது டவுன் பஸ் இல்ல, துட்டு எடுங்க" என்று கேட்கும்போது ஆச்சிக்குக் கோபம் வருகிறது. "நேத்து இதே வண்டியிலதானய்யா சும்மா போனேன்?" என்பார். நேற்றுப் போனது வேறு வண்டி. நிறமும் ரோடும் ஒன்றாக இருந்தால் ஆச்சி என்ன செய்வார்?

இன்னொரு பக்கம் பணம் சம்பந்தப்பட்டது. இலவசம் என்றாலும் டிக்கெட் உண்டு. கட்டணம் இல்லாப் பயணச்சீட்டு. கண்டக்டர் அதைக் கொடுக்க வேண்டும், பெண்கள் அதை வாங்க வேண்டும். எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கு அதை வைத்துத்தான். பெண்கள் கொடுக்காத கட்டணத்தை போக்குவரத்துக் கழகங்களுக்கு சர்க்கார் கஜானாவில் இருந்து ஈடு கட்டுகிறார்கள். 2025-26 பட்ஜெட்டில் இதற்கென ஒதுக்கிய தொகை 3,600 கோடி ரூபாய்! "சும்மாதானே போறேன், எனக்கு எதுக்கு டிக்கெட்டு" என்று விட்டுவிட்டால், கணக்கில் அந்தப் பயணமே நடக்கவில்லை. ஒரு ரோட்டில் ஆளே ஏறவில்லை என்று ஏட்டில் இருந்தால் நாளைக்கு அந்த டிரிப்பை நிறுத்த ஓர் அதிகாரிக்குக் காரணம் கிடைத்துவிடும். நிறைய பேர் ஏறினார்கள் என்று ஏட்டில் இருந்தால் அவ்வளவு சுலபமாகக் கை வைக்க மாட்டார்.

சில கண்டக்டர்கள் இந்தச் சீட்டைக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கை காட்டியும் நிற்காமல் போகிற பஸ்களைப் பற்றியும் புகார் ஓயவில்லை. சட்டப்படி அந்தப் பெண்ணும் டிக்கெட் உள்ள பயணிதான். அவருக்கான கட்டணத்தைக் கஜானா கொடுக்கிறது. இதில் தயவும் இல்லை, தர்மமும் இல்லை.

கட்டணம் எவ்வளவு?

2011 நவம்பரில் பஸ் கட்டணம் ஏறியது. சாதாரண மொபசல் பஸ்சுக்கு கிலோமீட்டருக்கு 28 பைசா இருந்தது 42 பைசா ஆனது. 2018 ஜனவரி 20-ந் தேதி மறுபடியும் ஒரே தாவல், 60 பைசா! மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மறியல் நடந்தது. ஒன்பதே நாளில், ஜனவரி 29-ந் தேதி, கொஞ்சம் இறக்கினார்கள். சாதாரண மொபசலுக்கு 58 பைசா, எக்ஸ்பிரஸ்சுக்கு 75 பைசா.

இந்தக் கணக்கில் ஐம்பது கிலோமீட்டருக்கு சாதாரண பஸ்சில் 29 ரூபாய். எக்ஸ்பிரசில் முப்பத்தேழரை. ஸ்டேஜ் கணக்கு, சுங்கச்சாவடி எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு ரூபாய் முன்பின் இருக்கும். ஆனால் எல்லா ஊரிலும் நின்று, ஆள் ஏற்றி, டீ குடித்துவிட்டுப் போகிற பஸ்சுக்கு எக்ஸ்பிரஸ் போர்டு மாட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது? ஏறும் முன் போர்டைப் பார்க்க வேண்டியதுதான். டிக்கெட்டில் என்ன வகை, எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்று அச்சாகி இருக்கும். அதை வைத்துத்தான் புகார் செய்ய முடியும். டிக்கெட் இல்லாதவன் வாயால் என்ன சொன்னாலும் எடுபடாது.

பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மாட்டேன் என்று தகராறு செய்கிறவர்களும் உண்டு. 14 விதமான பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. நீட்டிய கட்டணத்தை வாங்க மறுப்பதும் மேலே சொன்ன 178-வது பிரிவில் வருகிற தப்புதான்.

கண்டக்டர் கஷ்டம்

ஒரு பக்கமாகவே எழுதினால் கண்டக்டர் அண்ணாச்சிமார் என்னை பஸ்சில் ஏற்ற மாட்டார்கள்.

அவர் பாடும் பெரும்பாடு. டிக்கெட் இல்லாத ஒரு பயணி செக்கிங்கில் அகப்பட்டால் பயணிக்கு அபராதத்தோடு போயிற்று. கண்டக்டருக்கு மெமோ, விசாரணை, சில சமயம் சஸ்பெண்டு. சீசன் நேரத்தில் பின்படியில் தொங்கிக்கொண்டு வருகிறவன் அடுத்த நிறுத்தத்தில் குதித்து ஓடிவிடுவான். பதில் சொல்ல வேண்டியவர் கண்டக்டர். நூறு ரூபாய்த் தாளையும் ஐநூறு ரூபாய்த் தாளையும் காலை முதல் டிரிப்பிலேயே நீட்டினால் சில்லரைக்கு அவர் எங்கே போவார்? டிக்கெட்டின் பின்பக்கத்தில் பாக்கி எழுதிக் கொடுத்துவிட்டு, பயணி கேட்க மறந்து இறங்கினால் அந்தப் பழியும் அவருக்கு.

முன்பு டிக்கெட் என்றால் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று கட்டுக்கட்டாகத் தோல்பையில் இருக்கும். விரலை நாக்கில் தொட்டுக் கிழித்துக் கொடுப்பார். பாறையில் உட்கார்ந்து குளித்து வந்தபிறகும் அந்தச் சீட்டில் நம்பர் அழியாது. பிறகு மெஷின் வந்தது. கணக்குக்கு மெஷின் நல்லதுதான். எந்த ஸ்டேஜில் எத்தனை டிக்கெட் என்று அதுவே சொல்லும், திருட்டு குறையும். ஆனால் ரோல் தீர்ந்துவிடும், சார்ஜ் இறங்கிவிடும். அந்த வழுவழுப் பேப்பர் வெயிலில் வைத்தால் எழுத்து மங்கும். குற்றாலத்து ஈரச் சட்டைப்பையில் வைத்தால் கூழ்! செக்கருக்குக் கூழைக் காட்டி என்ன பயன்? அருவிக்குப் போகிறவர்கள் டிக்கெட்டை வாங்கியதும் செல்போன் உறைக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

புளியரை தாண்டினால்

தென்காசிக்கு இன்னொரு தனி விசேஷம், கேரள பஸ். புனலூர், கொல்லம் பக்கம் இருந்து ஆரியங்காவு, புளியரை, செங்கோட்டை வழியாக வருகிறது. செங்கோட்டையே 1956 நவம்பர் 1-ந் தேதி வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர்தானே! இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஒன்றின் பஸ்சை மற்றது அனுமதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 88-வது பிரிவு வழி செய்கிறது. செங்கோட்டையில் ஏறி தென்காசியில் இறங்கப் பலர் இந்த பஸ்சிலும் தொற்றிக்கொள்வார்கள். அங்கே நம்ம ஊர் பெண்கள் சலுகை செல்லாது. கட்டணக் கணக்கும் வேறு. கேட்டுவிட்டு ஏறினால் மலையாளத்தில் சண்டை போடும் வேலை மிச்சம்.

விபத்து என்று வந்தால்

2025 நவம்பர் 24-ந் தேதியை இந்த மாவட்டம் மறக்காது. கடையநல்லூர் பக்கம் இடைகால் அருகே இரண்டு தனியார் பஸ்கள் நேருக்கு நேர் மோதின. பலர் பலி ஆனார்கள், பலர் படுகாயம் அடைந்தார்கள். காலையில் வேலைக்கும் விசேஷத்துக்கும் கிளம்பியவர்கள்.

விபத்தில் சிக்கியவரோ அவர் குடும்பமோ நஷ்டஈடு கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவுப்படி மனு போடலாம். அப்போது முதல் கேள்வி, "நீ அந்த பஸ்சில்தான் போனாயா?" என்பதுதான். போலீஸ் முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரிச் சீட்டு இவைகளும் சாட்சிதான். டிக்கெட் இல்லை என்பதற்காக வழக்கு செத்துவிடாது. ஆனால் பையில் இருக்கும் டிக்கெட், வக்கீல் வாதாட வேண்டிய ஒரு நாளை மிச்சப்படுத்தும். நஷ்டஈடு கட்டாததால் கோர்ட்டு அமீனா பஸ் நிலையத்துக்கே வந்து அரசு பஸ்சை ஜப்தி செய்த செய்திகளை இதே பத்திரிகைகளில் எத்தனை முறை படித்திருப்பீர்கள்! அந்த வழக்குகள் எல்லாம் வருடக்கணக்கில் நடந்தவை. அவ்வளவு நாளும் ஒரு குடும்பம் காகிதங்களைப் பத்திரப்படுத்திக்கொண்டு காத்திருந்தது.

எங்கே புகார் செய்வது?

டிக்கெட் தரவில்லையா? கூடுதல் கட்டணமா? நிறுத்தத்தில் நிற்கவில்லையா? முதலில் பஸ் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். நெல்லைக் கழகத்து அரசு பஸ் என்றால் டி.என்.72-க்குப் பின்னால் 'என்' எழுத்து இருக்கும். அது அரசு பஸ்களுக்கான எழுத்து. நேரம், ஏறிய இடம், இருந்தால் டிக்கெட் நம்பர், இவ்வளவும் வேண்டும். அரசு பஸ் என்றால் டெப்போ கிளை மேலாளரிடம் எழுதிக் கொடுங்கள். தனியார் பஸ் என்றால் வட்டார போக்குவரத்து அலுவலகம். "ஒரு பஸ்சுல ஒரு கண்டக்டர்" என்று மொட்டையாகச் சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பயணிகள் கேட்பதும் பெரிதாக ஒன்றும் இல்லை. பஸ் நிலையத்தில் ஏறும் இடத்திலேயே, எது டவுன் பஸ், எது மொபசல், எதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, குற்றாலத்துக்கும் ஐந்தருவிக்கும் எவ்வளவு என்று ஆச்சிமார் கண்ணுக்கும் தெரிகிற அளவில் பெரிய எழுத்தில் ஒரு போர்டு. பஸ்சுக்குள் பயணிக்கு அபராதம் என்று எழுதியிருக்கும் இடத்துக்குக் கீழே, கண்டக்டருக்கான பாராவையும் சேர்த்து எழுத ஒரு டப்பா பெயிண்ட். கூட்ட நேரத்தில் பஸ் கிளம்பும் முன்பே கீழே நின்று டிக்கெட் கொடுக்க ஒரு ஆள். மாவட்டமே தனியாகி 2019 நவம்பர் 22-ந் தேதியோடு கலெக்டர் ஆபீசும் வந்துவிட்ட தென்காசிக்கு இது முடியாத காரியமா?

ஆனிச் சாரலுக்கு முன்னால் செய்தால்தான் பிரயோஜனம். சாரல் விழுந்துவிட்டால் எழுதுகிறவரும் குளிக்கப் போய்விடுவார், படிக்கிறவரும் போய்விடுவார்!